அஞ்சலாட்சி முதுகில் தங்கிய மேளம்

ஜப்பான்காரங்களோட மேளமும் குழலும் எங்க ஆலந்தாங்கல்ல ஏழு மாசம் குடியிருந்துச்சு, அதுவும் எங்க மண்டபத்துல பெருக்கிக் கழுவற அஞ்சலாட்சியோட முதுகுல குடியிருந்துச்சு. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க எழுந்து போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். என் பேரு சம்பந்தம், தனபாக்கியம் திருமண மண்டபத்துல பத்தொம்பது வருஷமா மேனேஜர். கெட்டிமேளமும் பேண்டு செட்டும் செண்டையும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவன், சத்தத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

எங்க ஊருக்கு வெளிய கார் விளக்கு செய்யற ஜப்பான் கம்பெனி ஒண்ணு இருக்குது. அவங்க பத்தாவது வருஷ விழாவுக்கு எங்க மண்டபத்தை எடுத்து, அவங்க நாட்டுல இருந்தே ஒரு குழுவை வரவழைச்சாங்க. ஆள் உயரத்துக்கு மேல ஒரு மேளம், ஒத்த மரத்தைக் குடைஞ்சு செஞ்சதாம், தைக்கோன்னு பேரு, லாரியில இருந்து இறக்கவே எட்டு பேரு வேண்டியிருந்துச்சு. அதை அடிக்கிறது ஒரு பொண்ணு, மிசாக்கோன்னு பேரு, கை ரெண்டும் முறுக்கின கயிறு மாதிரி இருக்கும். கூடவே ஒக்குடான்னு ஒரு பெரியவர், கையில வேரோட வெட்டின மூங்கில் குழல், நம்ம ஆளுங்க மாதிரி குறுக்கே வெச்சு ஊதாம நேராக் கீழ பாத்துப் பிடிச்சு ஊதறது. அதுக்கு ஷாகுஹாச்சின்னு பேரு. அந்தப் பேரு என் வாயில நுழையவே ரெண்டு நாள் ஆச்சு.

மதியம் ஒத்திகை பாத்தாங்க. மேடைக்குப் பின்னாடி பாத்திர அறைக்குப் போற கதவு ஒண்ணு இருக்குது, அதோட தாழ்ப்பாள் கழண்டு போய் ரெண்டு வருஷமாச்சு, ஆசாரி இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு இழுத்தடிச்சிக்கிட்டே இருந்தான். அந்தப் பொண்ணு ஒரு அடி வெச்சா, கதவு படார்னு திறந்து படார்னு மூடிக்குது. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு, "நீ போய் அந்தப் பக்கமா கதவுல முதுகைக் கொடுத்து நில்லு, முடியறவரைக்கும் நகராதே"ன்னு சொல்லிட்டேன். அவளும் சரி சார்னு போய் நின்னா. மேளம் அடிச்ச ஒண்ணே முக்கால் மணி நேரமும் அவ கண்ணு முன்னால இருந்தது கழுவாத அண்டாவும் தேக்சாவும்தான்.

இந்தப் பக்கம் நடந்ததைச் சும்மா சொல்லக் கூடாது. முதல் அடி விழுந்ததும் என் சட்டை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு அதிருது, அழுதுக்கிட்டிருந்த கைக்குழந்தைங்க எல்லாம் அழறதை விட்டுட்டு மேடையைப் பாக்குது, பந்திக்கு எப்ப விடுவீங்கன்னு என்கிட்ட மல்லுக்கு நின்ன ஆளு நின்ன இடத்துலயே தரையில உக்காந்துட்டாரு, அதுக்கப்புறம் பெரியவர் குழலை எடுத்து ஊதினப்போ தொள்ளாயிரம் பேர்ல ஒருத்தருக்கும் இருமல் வரல. எனக்கு ஏனோ செத்துப் போன என் தம்பி ஞாபகம் வந்துச்சு. இப்படி ஒண்ணு வந்தா அது அன்னியோட முடிஞ்சு போகணும், அதுதான் உலக வழக்கம்.

மூணாம் நாள் ரேஷன் கடையில பாமாயில் போடறாங்கன்னு பொம்பளைங்க வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. அஞ்சலாட்சிக்குப் பின்னால பள்ளிக்கூடத்துத் தெய்வநாயகி டீச்சர். வெயில் தாங்காம டீச்சர் தலையைச் சாய்ச்சு அவ முதுகுல வெச்சிருக்காங்க. வெச்சவங்க எடுக்கல. வரிசை நகர்ந்துச்சு, டீச்சரும் தலையை எடுக்காமலே கூட நகர்ந்து போனாங்க, கடைக்காரன் கார்டைக் கேட்டப்போ, "கொஞ்சம் இருப்பா, இப்பதான் குழல் ஆரம்பிக்குது"ன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த வரிசையில இருந்த அத்தனை பொம்பளைங்களும் காதை வெச்சுப் பாத்துட்டாங்க. காலையில இருந்து நாலு மணி வரைக்கும் மேளம், நாலு மணிக்கு மேல குழல், பொழுது சாஞ்சா ரெண்டும் அடங்கிடும். ஒரு நாள் அடிச்ச மாதிரி மறுநாள் அடிக்கிறதில்ல, யாரோ உள்ள உக்காந்து அப்பப்போ புதுசா அடிக்கிற மாதிரிதான் கேட்டுச்சாம். கம்பவுண்டர் தாமோதரன் ஸ்டெதஸ்கோப்புக் குழாயை வெச்சுக் கேட்டுட்டு உடம்புக்கு ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிக் கொடுத்தாரு, கொடுத்துட்டு இன்னொரு தரம் கேக்கறேன்னு அரை மணி நேரம் குழாயை எடுக்கல. ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு எங்க ஊர்ல யாரும் மண்டையை உடைச்சிக்கல. எப்ப வந்தா கேக்கலாம், யாருக்கு அப்புறம் யாரு, அதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினையா இருந்துச்சு.

டீச்சர்தான் ஒழுங்கு பண்ணாங்க. மண்டபத்துல முகூர்த்தம் இல்லாத நாள்ல மணமகள் அறையில ஒரு முக்காலி போட்டு அஞ்சலாட்சியை உக்கார வெச்சாங்க. பொம்பளைங்க கம்மலைக் கழட்டி இடுப்புல முடிஞ்சிக்கிட்டு, தலையில எண்ணெய் இல்லாம வரணும், ஆளுக்குக் கால் மணி நேரம். ஆம்பளைங்க என்ன செய்வாங்க, ஊரான் வீட்டுப் பொம்பளை முதுகுல காதை வெக்க முடியுமா. அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. மணமகள் அறைக்கும் மணமகன் அறைக்கும் நடுவுல ஒத்தைக்கல் சுவருதான் இருக்குது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல அவ இந்தப் பக்கம் சுவருல சாஞ்சுக்குவா, ஆம்பளைங்க அந்தப் பக்கம் போய்ச் சுவருல காதை வெச்சுக் கேப்பாங்க. கல்யாணம் ஆகாத பசங்கள்ல இருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் மணமகன் அறையில வரிசையா சுவரைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வரும், ஆனா சிரிக்க மாட்டேன், ஏன்னா கேட்டு முடிச்சு வெளிய வர்றவன் மூஞ்சியைப் பாத்தா சிரிக்கத் தோணாது.

செல்போன்ல பிடிச்சுப் பாத்தாங்க, ஃபேன் சத்தம்தான் வந்துச்சு. மைக்கை முதுகுல ஒட்டிப் பாத்தாங்க, அதுவும் ஊமையாகிடுச்சு. நேர்ல வந்து காதை வெச்சாத்தான் உண்டு. அதனால வெளியூர்ல இருந்தெல்லாம் ஜனம் வர ஆரம்பிச்சுது. தூக்கமே வராத வாட்ச்மேன் ஏகாம்பரம் மேளம் கேட்ட சுவரடியிலயே படுத்துக் குறட்டை விட்டாரு, ஏழு வருஷமாப் பேசாத அண்ணன் தம்பி ஒரே சுவருல பக்கத்துல பக்கத்துல காதை வெச்சிக்கிட்டு நின்னாங்க, நிறை மாசப் பொண்ணுங்க குழல் நேரமாப் பாத்து வந்தாங்க, வயித்துக்குள்ள புள்ள திரும்பிப் படுக்குதாம். காது உரசி உரசி அஞ்சலாட்சியோட ரவிக்கை எல்லாம் முதுகுப் பக்கம் மட்டும் நைஞ்சு போச்சு. ஊர்ப் பொம்பளைங்க போட்டி போட்டுக்கிட்டுப் புது ரவிக்கை தைச்சுக் கொடுத்தாங்க. ஒருத்தியும் அளவு கேட்டதில்ல, முதுகு அளவு எல்லாருக்கும் மனப்பாடம்.

இப்ப நீங்க கேக்கலாம், அஞ்சலாட்சிக்கு என்ன குறைச்சல்னு. அவ புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போய்ப் பதினாலு வருஷமாச்சு, ஒரு கடுதாசி கிடையாது, புள்ளகுட்டி கிடையாது, பாத்திர அறைக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறையில தனியாக் கிடந்தவளைத் தேடி இன்னிக்கு ஊரே வருது, பூ வாங்கிட்டு வருது, பொங்கலு சுண்டல்னு கொண்டு வந்து வெக்குது. நானும் அப்படித்தான் நினைச்சேன், புண்ணியம் செஞ்சவதான்னு. ஒரு நாள் நான் மணமகள் அறைக்கு ஃப்யூஸ் மாத்தப் போனப்போதான் கவனிச்சேன். அவ எதிர்ல இருக்கறது வெறும் சுவரு. ஜனம் எல்லாம் பின்னால.

"டீச்சர், இப்ப என்னா அடிக்கிறாங்க, எத்தினி பேரு அடிக்கிறாங்க"ன்னு அஞ்சலாட்சி மெல்லக் கேட்டா.

"ஷ், பேசாத அஞ்சலாட்சி, உன் குரல் நடுவுல வருது"ன்னாங்க டீச்சர், கண்ணைக் கூடத் திறக்காம.

அதுதான் விஷயம். அவளுக்கு அது கேக்கவே இல்ல. கம்பவுண்டர்கிட்டக் குழாயை வாங்கி, கையை மடக்கி எக்கி எக்கித் தன் முதுகுல தானே வெச்சுக் கேட்டிருக்கா, மூச்சு சத்தம்தான் வந்துச்சாம். பழைய கதவு ஒண்ணைத் தரையில போட்டு, முதுகும் ஒரு காதும் பட அது மேல படுத்துப் பாத்திருக்கா, தகர டப்பாவை முதுகுல கட்டிக்கிட்டுப் பாத்திருக்கா. கேட்டவங்களைக் கேட்டா, "அதை எப்படிடி வாயால சொல்றது"ன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டுப் போயிடறாங்க. காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அவளைச் சுத்தி நூறு பேரு, அவ வாயைத் திறக்கக் கூடாது. கடைத்தெருவுல அவ எதிர்ல வந்தா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது, தாண்டிப் போன பிறகு முதுகைப் பாத்துட்டு, "அட, நம்ம அஞ்சலாட்சி"ம்பாங்க.

நான் ஒரு நாளும் காதை வெச்சுக் கேக்கல. அவளைக் கதவுல நிறுத்தி வெச்சவன் நான்தானே, எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போய்க் கேக்கறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மையில வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான்.

ஏழாவது மாசம் அந்த மிசாக்கோவும் ஒக்குடாவும் திரும்பி வந்தாங்க. கம்பெனியில மொழிபெயர்க்கற நிலோஃபர்னு ஒரு பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. விஷயம் என்னன்னா, ஆலந்தாங்கல்ல அடிச்ச நாள்ல இருந்து அந்தப் பெரிய மேளத்தை அடிச்சா மெத்தையை அடிக்கிற மாதிரி இருக்குதாம், குழலை ஊதினா வெறும் காத்துதான் வருதாம். அதனால போன ஊருக்கெல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்பிப் போய், எங்க விட்டோம் எங்க விட்டோம்னு தேடிக்கிட்டு வராங்க. பெரியவர் அஞ்சலாட்சி முன்னால போய் இடுப்பை வளைச்சுக் கும்பிட்டு, பின்னால வந்து முழங்கால் போட்டுக் காதை வெச்சாரு. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாரு. அப்புறம் எழுந்து மறுபடியும் முன்னால வந்து, தரையில உக்காந்துக்கிட்டு, நிலோஃபரை விட்டு அவளைக் கேக்கச் சொன்ன முதல் கேள்வி, "உங்க பேரு என்னம்மா"ங்கறதுதான். அவளுக்குச் சட்டுனு பேரு வரல.

ஊர்க் கூட்டம் மண்டபத்துலயே நடந்துச்சு. நம்ம ஊர்ல வந்து தங்கினது நம்மளோடதுதான்னு ஒருத்தர், வேணும்னா குழலைக் கொடுத்துடலாம் மேளத்தை விட முடியாதுன்னு இன்னொருத்தர், அவங்க நாட்டுல மரத்துக்கா பஞ்சம் வேற மேளம் செஞ்சிக்கட்டும்னு ஏகாம்பரம். எனக்கு மூக்குக்கு மேல கோவம். ஆனா நானும் வாயைத் திறக்கல. அஞ்சலாட்சி அங்கதான் இருந்தா, வழக்கப்படி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவளை உக்கார வெச்சிருந்தாங்க. ரெண்டு மணி நேரம் பேசினாங்க, அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. அவளே எழுந்தா. முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, எங்க பக்கம் பாத்து உக்காந்தா.

"எனக்கு ஒரு தபா கேக்கணும்"னா.

பெரியவர் சொன்னதை நிலோஃபர் சொல்லிச்சு. "அக்கா, உள்ள இருக்கறவரைக்கும் உங்களுக்குக் கேக்காதாம். அவங்க உங்க எதிர்ல வந்து வாசிச்சா, உங்ககிட்ட இருக்கறதெல்லாம் வெளிய வந்து ஒரே ஒரு தடவை கேக்குமாம். அப்புறம் அது மரத்துக்கும் மூங்கிலுக்கும் திரும்பிப் போயிடுமாம். உங்ககிட்ட ஒண்ணும் மிச்சம் இருக்காதாம்."

"போனா போவட்டும். நான் கேக்கறேன்."

"அப்புறம் உன்கிட்ட எவடி வருவா"ன்னு டீச்சர் வெடுக்குனு கேட்டுட்டாங்க, கேட்டுட்டு நாக்கைக் கடிச்சிக்கிட்டாங்க.

"அது எனக்குந் தெரியும் டீச்சர்"னா அஞ்சலாட்சி. அவ குரல்ல கோவம் இல்ல. அது இருந்திருந்தா எங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வெச்சாங்க. அஞ்சலாட்சி தலைக்குக் குளிச்சு, பச்சைப் புடவை கட்டி, முதல் வரிசையில நடு நாற்காலியில தனியா உக்காந்தா. அவ பக்கத்துல உக்கார யாருக்கும் தோணல. ஊர் ஜனம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு மூணு வரிசை தள்ளிப் பின்னால உக்காந்துச்சு. நான் மேடை ஓரத்துல நின்னேன். அவங்க வாசிச்சதை நான் பாக்கல, அவ மூஞ்சியைத்தான் பாத்தேன். பத்தொம்பது வருஷத்துல அன்னிக்குத்தான் பாத்தேன்னு வெச்சிக்கங்களேன். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு, மூக்குக்குக் கீழ ஒரு மச்சம், வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்காது. அந்தப் பொண்ணு கையைத் தூக்கினப்போ இவளுக்கு வாய் திறந்துக்கிச்சு. அடி விழுந்துச்சு, முதல்ல பஞ்சு மூட்டை மாதிரி, அடுத்தது கொஞ்சம் கனமா, மூணாவது அடியில மண்டபமே முழங்கிச்சு. ஒவ்வொரு அடிக்கும் இவ முதுகு நாற்காலியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா முன்னால வருது, யாரோ பின்னால இருந்து ஒரு மூட்டையை இறக்கி வெக்கற மாதிரி. பெரியவர் ஊத ஆரம்பிச்சப்போ அவர் மூச்சை இழுக்க இவளும் இழுத்தா, அவர் விட இவளும் விட்டா. அழுவான்னு நினைச்சேன், அழல. சிரிச்சா. சத்தமே இல்லாம, பல்லு தெரிய, கடைசி வரைக்கும் சிரிச்சிக்கிட்டே இருந்தா.

முடிஞ்சதும் ஜப்பான்காரங்க ரெண்டு பேரும் அவளை மட்டும் பாத்துக் கும்பிட்டாங்க, மேளத்தைத் துணியில சுத்தினாங்க, லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் பழக்கதோஷத்துல நாலஞ்சு பொம்பளைங்க வந்தாங்க. டீச்சர் கம்மலைக் கழட்டிட்டுக் காதை வெச்சாங்க, இந்தப் பக்கம் வெச்சாங்க, அந்தப் பக்கம் வெச்சாங்க. "மூச்சுதான் கேக்குது"ன்னாங்க, கம்மலைப் போட்டுக்கிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தா. புதன்கிழமை யாரும் இல்ல. ஊருக்கு அவ மேல விரோதம் ஒண்ணும் கிடையாது, அதையும் சொல்லணும். பாத்தா என்ன அஞ்சலாட்சின்னு கேப்பாங்க, பாத்தாத்தானே.

வியாழக்கிழமை காலையில நான் மண்டபத்தைச் சுத்தி வரும்போது, மணமகள் அறையில அவ அந்த முக்காலியில உக்காந்திருந்தா, சுவரைப் பாத்துக்கிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கிட்டுப் போய், அவளுக்கும் சுவருக்கும் நடுவுல இடம் பண்ணி, அவ எதிர்ல போட்டு உக்காந்தேன்.

"எப்படி இருந்துச்சு அஞ்சலாட்சி"ன்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. நிஜமாத்தான் கேக்கறேனான்னு பாத்தா.

"சார், இவங்க எல்லாம் சத்தத்தைத்தான் சார் கேட்டாங்க"ன்னு ஆரம்பிச்சா. "அந்தப் பொண்ணு கையைத் தூக்கிக்கினு நிக்குது பாருங்க, அடிக்கிறதுக்கு முன்னாடி, அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அவங்களுக்கு அது தெரியாது. என் முதுகுல அது இல்ல. கை மேல நிக்குது, இன்னும் விழல, விழுமா விழாதான்னு நம்ம உசுரு அங்க போய் நிக்குது. அது விழறதுக்குள்ள நான் எங்கூட்டுக்காரர் போன நாளை நினைச்சிட்டேன் சார், வாசப்படியில ஒரு காலை வெச்சிக்கினு நின்னாரு, போவறாரா இல்லையான்னு. அடி விழுந்துச்சு, சரி, போயிட்டாருன்னு இருந்துச்சு. இத்தினி வருஷம் அது எனக்குத் தெரியல சார். அப்புறம் அந்தப் பெரியவரு மூச்சை இழுக்கறாரு..."

அவ சொல்லச் சொல்ல நான் கேட்டேன். நிஜமாவே கேட்டேன். அரை மணி நேரம் இருக்கும், என் செல்போன் அடிச்சுது. தை மாசம் முகூர்த்தத்துக்கு மண்டபம் பாக்க வாசல்ல வந்து நிக்கறாங்களாம். எங்க வேலை அப்படி, வந்தவங்களை நிக்க வெக்க முடியாது. "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன், நீ சொல்லு"ன்னு எழுந்து போனேன். போன இடத்துல சமையல்கட்டைக் காட்டு, கழிவறையைக் காட்டுன்னு இருபது நிமிஷம் ஆகிடுச்சு.

திரும்பி வந்தேன். வாசல்லயே நின்னுட்டேன். அவ நிறுத்தல. குனிஞ்சு, ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டி, மூச்சை இழுத்துக் காட்டி, என் காலி நாற்காலிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. நான் எழுந்து போனது அவளுக்குத் தெரியும். கேக்கறவங்க இருக்கற மாதிரியேதான் சொன்னா, ஏழு மாசமா வாயைத் திறக்க விடாததுக்கெல்லாம் சேத்து. போய் உக்கார ரெண்டு எட்டுதான். உக்காந்தா அவ நிறுத்திடுவாளோன்னு பயமா இருந்துச்சு. அதனால அங்கயே, அவ முதுகைப் பாத்துக்கிட்டே, நின்னு கேட்டேன்.